வேண்டாம் என்று சொன்ன வாய்

ஜூன் 14

இந்த வீட்டில் யாரும் தான் சொன்னதைச் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வதில்லை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. கேட்டால் "நான் எங்கடி அப்படிச் சொன்னேன்" என்பார் என் வீட்டுக்காரர். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்கு யாரும் மாற்றிப் பேசினால் பக்கத்தைப் புரட்டி மூஞ்சிக்கு நேரே காட்டலாம்.

டைரி பழையது. என் மகன் குமரவேல் வேலை செய்யும் போர்வெல் கம்பெனியில் எந்த வருஷமோ கொடுத்தது. கிழமை ஒத்துவராது, தேதி போதும். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஞாபகத்தில் கோணல் கிடையாது.

குமரவேல் போன் செய்தான். சத்தீஸ்கரில் மழை இறங்கிவிட்டதாம், ரிக் வண்டி கிளம்பிவிட்டதாம். வருஷத்தில் பத்து மாதம் அங்கே கிணறு தோண்டுகிறான். மழைக்கு மட்டும் இரண்டு மாதம் வீடு.

போனை வைத்ததும் மருமகள் மேகலாவின் முகம் சந்தோஷப்படவில்லை. ஏன் படும்? போன வருஷமும் இப்படித்தான் வந்தான். அவன் போன பிறகு இவளுக்கு நாள் தள்ளியது. நான்காம் மாதம் மூச்சு வாங்கி, உதடு நீலம் பாய்ந்து, சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இருதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறதாம். கருவைக் கலைத்துத்தான் உயிரை மீட்டார்கள். ஒன்பது நாள் ஐ.சி.யூ. அவன் வந்தது பன்னிரண்டாம் நாள். தேதி சொல்லட்டுமா? நவம்பர் 23.

டாக்டரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், போதும். இன்னொரு தடவை என்றால் ஆள் தேறாது. இவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்ய முடியாது, மயக்க மருந்தை இருதயம் தாங்காது. குமரவேல்தான் செய்துகொள்ள வேண்டும். போன வாரம் மாத்திரைக்குப் போனபோது ஒரு சீட்டே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஜூலை 10, அரசு ஆஸ்பத்திரியில் ஆண்களுக்கான கேம்ப்.

"நல்லதாப் போச்சு" என்றேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 16

மேலே ஏறி அட்டாலியைச் சுத்தம் செய்தேன். எலிப் புழுக்கை இரண்டு முறம். தொட்டில் கம்பு கிடந்தது. துடைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பெண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். மரச்சாமானைச் சும்மா போட்டு வைத்தால் வீணாகிவிடும்.

மேகலா துணி எடுக்க வந்தவள் அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். துணியை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 21

குமரவேல் வந்துவிட்டான். ஆள் கறுத்து, ரிக்கில் ராடு தூக்கித் தூக்கி கை இரண்டும் இரும்பு மாதிரி. பிள்ளைகள் தாரணியும் யாழினியும் அவன் கழுத்தை விட்டு இறங்கவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். என் வீட்டுக்காரருக்குத் தொடைக்கறி வேண்டுமாம், எழுபத்தேழு வயதில்.

சாப்பிட்டு முடித்ததும் மேகலா சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். படித்தான், சிரித்தான். "இதுக்குத்தான் இவ்வளவு அவசரமா? பாக்கலாம் புள்ள" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மேகலா ராத்திரி பாயை எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவன் துணி மூட்டை நாளைக்கு வேலை. ரிக் துணி என்றால் கல் மாவும் கிரீஸும். பையில் போல்ட், நட்டு, தீப்பெட்டி என்று எது வேண்டுமானாலும் கிடக்கும். பையைத் துழாவாமல் நான் ஒரு துணியும் ஊறவைத்ததில்லை. அவன் அப்பாவின் வேட்டி மடிப்பில் ஒரு தடவை பீடி நெருப்போடு இருந்தது, அதிலிருந்து பழக்கம்.

ஜூன் 22

துணி ஊறப்போட்டேன். சட்டையில் இருந்த சீட்டு தண்ணீரில் கரைந்துவிட்டது. கவனிக்கவில்லை.

ஜூன் 25

கொழுந்தன் சின்னுசாமி வந்திருந்தான். வரச் சொன்னது என் வீட்டுக்காரர்தான். வேப்ப மரத்தடியில் இரண்டு கட்டிலைப் போட்டுக்கொண்டு ஆண்கள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். என்ன விஷயம் என்றால் மேகலாவின் கர்ப்பப்பை. அவள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"காட்டை யாரு பாக்கறது?" என்கிறார் இவர். காடு! முக்கால் ஏக்கர், கிணறு வற்றிப் பதினோரு வருஷம். அதில் கொழுக்கட்டைப் புல்லும் பாம்பும்தான் விளைகிறது. அதைப் பார்க்க ஒரு ஆண்பிள்ளை வேண்டுமாம்.

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. நம்ம ஆத்தா ஒம்போது பெத்துச்சு" என்றான் சின்னுசாமி.

ஒன்பதில் ஐந்தைப் புதைத்தது அவனுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது, நான் பார்க்காமல் கேட்டதே ஞாபகம் இருக்கிறது.

"அதுவுமில்லாம, பின்னாடி கொள்ளி வெக்க ஒருத்தன் வேணுமில்ல?" என்றான் மறுபடியும்.

மேகலா டீ தம்ளரைத் தட்டோடு கட்டிலில் வைத்தாள். "எனக்கு யாரு கொள்ளி வெப்பாங்க சின்ன மாமா? அதையும் சேத்துப் பேசி முடிச்சிருங்க. நீங்க பேசற பேச்சுக்கு அதுதான் முன்னாடி வரும்போல."

சின்னுசாமிக்கு டீ புரை ஏறிவிட்டது. குமரவேல் தரையைப் பார்த்தான். அங்கே மூன்று ஆண்கள் இருந்தார்கள், விஷயம் யாருடையதோ அவன்தான் ஊமை.

ஜூன் 27

தூக்கம் கெட்டுவிட்டது, பழசு எல்லாம் மேலே வருகிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

1986, மாசி மாதம். இரண்டு பெண்ணுக்குப் பிறகு குமரவேல் பிறந்து எட்டு மாதம். பையன் பிறந்த பிறகுதான் நிறுத்தலாம் என்ற பேச்சையே இந்த வீட்டில் எடுக்க முடிந்தது. நர்ஸம்மா வீடு தேடி வந்து இவரிடம் சொன்னார்கள். "உங்களுக்குன்னா சின்ன வேலைங்க, நடந்தே வீட்டுக்கு வந்துரலாம். அந்தம்மாவுக்கு வயித்தைக் கிழிக்கோணும்."

இவர் ரேஷன் கடை வாசலில், ஊர் மொத்தமும் மண்ணெண்ணெய்க்கு நிற்கும்போது, "என்னையப் பொட்டையாக்கப் பாக்கறாங்கடா" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் பெயர் சொல்வேன். பாதிப் பேர் செத்துவிட்டார்கள், அவர்களையும் விடமாட்டேன்.

என் மாமியார் நர்ஸம்மாவின் முன்னால் கையை விரித்து மறித்து நின்றது. "மூட்டை தூக்கற ஒடம்பு. இதெல்லாம் அவனுக்கு வேண்டாம். அவளையே கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் கேம்ப். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, நாற்பத்திரண்டு பெண்கள் வரிசையில். நான் முப்பத்தொன்றாவது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பாவாயி என்று மூன்று எழுத்துதான். யாரும் கேட்கவில்லை, விரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். "வீட்டுக்காரர் கையெழுத்து எங்க?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்கள். அவருக்குப் பேனா கொடுத்தார்கள். பச்சை மசி. வையாபுரி என்று கொக்கி போட்டு எழுதினார், பத்திரத்தில் எழுதுவது மாதிரி.

ஐந்தாம் நாள் மாட்டைக் கறக்கக் குந்தினேன். தையல் பிரிந்தது. இருபத்தொரு நாள் சீழ். காய்ச்சலில் பால் வற்றிவிட்டது, குமரவேல் ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தான். அந்த இருபத்தொரு நாளில் ஒரு நாள் இவர் மட்டன் வாங்கிவந்தார். எனக்கு என்று நினைத்தேன். அம்மாவுக்கு நாக்கு செத்துப்போச்சாம்.

மாமியார் செத்து இருபத்தாறு வருஷம். திவசத்துக்கு வடை சுடும்போதெல்லாம் அந்த வாயைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 1

இட்லிக்கு ஊறப்போட்டேன். தாரணிக்குப் பேன், சீத்தாப்பழக் கொட்டை அரைத்துத் தேய்த்தேன்.

மேகலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு கேப்பாருங்க. உங்களுக்குத்தான் தெரியுமில்ல, நீங்க பட்டது."

சரி என்றேன். பொழுதோடு குமரவேல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது போய்ப் பேசினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

ஜூலை 3

மேகலா இன்று என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், நகர்ந்து போனாள்.

குமரவேல் அவளிடம் முடிவாகச் சொல்லிவிட்டானாம். "எங்கம்மாவே வேண்டாங்குது, விடு."

நான் சொன்னது உடம்பைப் பார்த்துக்கொள் என்று. ஒரு தாய் சொல்லக்கூடாதா?

ஜூலை 4

மாவு புளித்துவிட்டது.

ஜூலை 5

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என்னை வழி மறித்தாள். கையில் வாளி.

"தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் நான் சாணி அள்ளீட்டு இருந்தேன் அத்தை. நீங்க அவருகிட்டச் சொன்னது முச்சூடும் கேட்டுது."

"என்ன பெருசாச் சொல்லீட்டேன்?"

"எல்லாத்தையும் எழுதறீங்கல்ல? அதையும் எழுதுனீங்களா?"

அவ்வளவுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். என் சத்தத்துக்கு இந்தத் தெருவில் ஜோடி கிடையாது. அவள் போடவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேற்று வந்தவள் என்னைக் கேட்கிறாள்! பன்னிரண்டு வருஷமாக நான் அரைத்த மாவைத் தின்றவள்!

எழுதத் தெரியாதா எனக்கு? எழுதுகிறேன். நான் குமரவேலிடம் சொன்னது இது.

"ராடு தூக்கற ஒடம்பு கண்ணு. இதெல்லாம் உனக்கு வேண்டாம். அவளையே வேற பெரிய ஆசுபத்திரில காட்டிப் பாக்கலாம்."

எழுதிவிட்டு ஜூன் 27ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். திரும்பப் படித்தேன். மூட்டை என்ற இடத்தில் ராடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கிழவி செத்த பிறகும் என் வாயில் உட்கார்ந்து பேசுகிறது.

ஜூலை 7

நர்ஸம்மாவைப் பார்க்க நடந்தே போனேன், ஒன்றரை மைல். இப்போது இருப்பது சின்னப் பெண், கண்ணாடி போட்டிருக்கிறது. சீட்டு தண்ணீரில் போய்விட்டது, வேறு வேண்டும் என்றேன். எழுதிக் கொடுத்தது.

"யாரு கையெழுத்து வேணும் கண்ணு? அவன் சம்சாரம் போடோணுமா, நான் போடோணுமா?"

"யாரும் வேண்டாங்க பாட்டி. அவரு உடம்பு, அவரு போட்டாப் போதும்."

அவரு உடம்பு. அவரு போட்டால் போதும்.

வருகிற வழி முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரே வந்தவர்கள் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். என் வயிற்றைக் கிழிக்க வையாபுரியின் பச்சை மசி வேண்டியிருந்தது. ஒரு ஆணுக்கு ஊசி போட ஊரில் ஒருத்தியையும் கேட்க வேண்டாம். நான் யாருடைய உடம்பைத் தூக்கிக்கொண்டு இத்தனை வருஷம் நடந்தேன்?

ஜூலை 8

இவரிடம் கேட்டேவிட்டேன். கயிற்றுக் கட்டிலில் படுத்து விசிறிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஏன் நீங்க பண்ணிக்கல?"

"என்னைக்கு?"

"எண்பத்தாறுல."

"அடச் சீ, இப்ப எதுக்கு அது? எங்கம்மா வேண்டாம்னுச்சு, நான் என்ன பண்றது?"

வயது அப்போது முப்பத்தெட்டு. மூட்டை தூக்குகிற உடம்பு. அம்மா வேண்டாம் என்றதாம், இவரால் ஒன்றும் பண்ண முடியவில்லையாம்.

"ரேஷன் கடையில பொட்டையாக்கறாங்கன்னு சிரிச்சது உங்கம்மாளா?"

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?"

முப்பத்தொன்பது வருஷமாக நான் கிழவியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு, வடையைத் தின்றுகொண்டு சும்மா இருந்திருக்கிறார். பழி போகிற இடம் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கிறது. கிழவி கையை விரித்து நின்றது உண்மை. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றது யார்?

இப்போது என் மகனும் அதையேதான் சொல்கிறான். எங்கம்மாவே வேண்டாங்குது. இவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு பொம்பளையின் வாய் கிடைத்துவிட்டால் போதும். கை சுத்தமாகிவிடுகிறது. பெண் பெண்ணைப் பகைத்துக்கொண்டு கிடப்பாள், இவர்கள் கட்டிலில் படுத்து விசிறிக்கொள்வார்கள்.

என் வாயை நான் கொடுக்கமாட்டேன்.

ஜூலை 9

குமரவேல் வாசலில் வண்டிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். சீட்டை அவன் முன்னால் வைத்து மேலே ஒரு கல்லை வைத்தேன்.

"குமரா, அன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னேன்ல? அதத் திருப்பி எடுத்துக்கறேன்."

"இப்ப என்னம்மா உனக்கு? அப்பாவும்தான் வேண்டாங்கறாரு."

"அப்பன் வேண்டாங்கறாரு, ஆத்தா வேண்டாங்கறா, சித்தப்பன் வேண்டாங்கறான். நீ என்னடா சொல்ற? இந்த வருசம் முழுக்க நீ என்ன சொல்றன்னு எனக்குத் தெரியல."

குனிந்து செயினைத் துடைத்தான்.

"மேகலா, இங்க வா அம்மிணி" என்று கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்தாள். "இப்ப இவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு. 'எனக்குப் பையன் வேணும், அதுல நீ செத்தாலும் சரி'ன்னு உன்ற வாயால சொல்லு. சொல்லீட்டியின்னா நான் இனி இதப் பத்தி வாய் தொறக்கறதில்ல."

"அப்படியாம்மா நான் சொல்றேன்?"

"வேற எப்படி? நீ வேண்டாம்னு சொல்றதுக்கு அர்த்தம் அதுதான்."

மேகலா அசையாமல் நின்றாள். "சொல்லுங்க. கேட்டுக்கறேன். ஒம்போது நாளு குழாய் போட்டுப் படுத்திருந்தப்பவே கேட்டுக்கத் தயாராத்தான் இருந்தேன், நீங்கதான் வரல."

உள்ளேயிருந்து இவர் கத்தினார். "என்னடி, ஆம்பளைய நிக்க வெச்சுக் கேள்வி கேக்கற?"

"உங்கள நிக்க வெச்சுக் கேக்க அன்னைக்கு எனக்கு எந்திரிக்கத் தெம்பில்லீங்க. இன்னைக்கு இருக்குது."

குமரவேல் அவளை நிமிர்ந்து பார்த்தான். கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். சொல்லவில்லை. அவனால் சொல்ல முடியவில்லை.

சீட்டு கல்லுக்கடியிலேயே கிடந்தது. நான் தொடவில்லை.

ஜூலை 10

விடிந்து பார்த்தால் வண்டி இல்லை. கல் இருந்தது, சீட்டு இல்லை. காற்றில் போயிருக்கும் என்றார் இவர். கல் வைத்தால் காற்று எங்கே எடுத்துக்கொண்டு போகும்?

மேகலா ஒரு வேலையையும் விடவில்லை. தெருவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே அவரைக்காய் உரித்தாள், ஒரு கிலோ. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வாய் இறங்கவில்லை.

ஒன்றரை மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினான். வண்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டானாம். காலைக் கொஞ்சம் அகட்டி நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"மூணே பேருதான் வந்திருந்தோம். ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்கல" என்று மேகலாவிடம் சொன்னான். "மூணு மாசம் கழிச்சு டெஸ்டு எடுக்கோணுமாம். அதுவரைக்கும் பதனமா இருக்கோணுமாம்."

மேகலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சுடா?" என்று நான் கேட்டேன்.

"டீ குடிக்கற நேரம்மா."

அடுப்படிக்குப் போய்விட்டேன். கிடைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்துத் தேய்த்தேன், தேய்த்த பாத்திரத்தையும் தேய்த்தேன்.

ஜூலை 13

இவர் மகனோடு பேசுவதில்லை. மகன் வாங்கிவந்த வெற்றிலையை மட்டும் போடுகிறார்.

சின்னுசாமி போன் செய்தான். குமரவேல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான், எல்லோருக்கும் கேட்டது. "ஏன்டா, கெடாய்க்குக் காயடிச்சாச்சாமா?"

மேகலா எட்டி எடுத்தாள். "ஆச்சுங்க சின்ன மாமா. நர்ஸம்மாகிட்ட இன்னும் சீட்டு இருக்குதாம். உங்களுக்கு ஒண்ணு வாங்கி வெக்கட்டுங்களா?"

போன் கட்டாகிவிட்டது. யாழினி எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தாள். மேகலாவும் சிரித்தாள். நான் சிரித்தபோது நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை 19

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். குமரவேல் குனிந்தான். ஒரு வாரம்தான் கனம் தூக்கக்கூடாது என்றார்கள், ஒன்பது நாள் ஆகிவிட்டது. இருந்தாலும் நான் வாசலுக்கு வந்துவிட்டேன். இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தூக்கினான். தோளில் வைத்தான். இரண்டு படி ஏறி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான். விசில் அடித்தான்.

ஒன்றும் ஆகவில்லை.

இவர் முகத்தைப் பார்த்தேன். வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை, பார்த்தீர்களா? டீ குடிக்கிற நேரம். ஒன்பது நாள். அவ்வளவுதான். இதற்காகவா நான் சீழோடு கிடந்தேன், இதற்காகவா பால் வற்றியது, இதற்காகவா அந்தப் பெண் உதடு நீலம் பாய்ந்து கிடந்தது. கொஞ்சமாவது ஏதாவது ஆகியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்போல. எழுதவே கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் தோன்றியது.

ஜூலை 20

மேகலா தொட்டில் கம்பை எடுத்துக் கொல்லையில் இரண்டு கவைக் குச்சியின் மேல் வைத்து, பிள்ளைகளின் யூனிபாரம் காயப்போட்டிருக்கிறாள். வேப்பெண்ணெய் தடவியது, மழைக்குத் தாங்கும்.

குமரவேலின் துணியை இப்போது அவள்தான் ஊறவைக்கிறாள். முதலில் பையைத் துழாவுகிறாள். இரண்டு பையையும் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுகிறாள். நான் பக்கத்தில் நின்றால் இன்னும் மெதுவாகப் பார்க்கிறாள். என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். வைத்துக்கொள்ளட்டும், நானாக இருந்தாலும் வைத்துக்கொள்வேன்.

ஜூன் 22ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பக்கத்தில் நிறைய இடம் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எழுதினது மாதிரி ஆகிவிடும். அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

பையைத் துழாவினேன். சீட்டு கைக்கு வந்தது. பிரித்து முழுசும் படித்தேன், நாலாக மடித்தேன், பையிலேயே திரும்ப வைத்தேன். அப்புறம்தான் சட்டையைத் தண்ணீரில் முக்கினேன்.